ஒரு மலையையோ பள்ளத்தாக்கையோ பார்த்து அது எப்படி உருவானது என்று கண்டுபிடிப்பது எப்படி

அகலமான ஒரு பள்ளத்தாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி செங்குத்தான பாறை, நடுவில் கிட்டத்தட்ட சமமான தரை, அந்தத் தரையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு சின்ன ஓடை. இது எப்படி வந்தது என்று யாரைக் கேட்டாலும் "இந்த ஓடைதான் பல லட்சம் வருடமாக ஓடி அறுத்திருக்கும்" என்பார்கள். அது பெரும்பாலும் தப்பு. இப்படிப்பட்ட மலை ஓடை பெரும்பாலும் தன் படுக்கையைத்தான் அறுக்கும். பக்கச் சுவர்கள் மழையிலும் சரிவிலும் கொஞ்சம் கொஞ்சமாக இடிந்து விழும். இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது 'வி' எழுத்து வடிவப் பள்ளம். அடியில் இவ்வளவு அகலமான, சுவர் நிமிர்ந்து நிற்கிற 'யு' வடிவத்தைச் செய்ய, பள்ளத்தாக்கை முழுக்க அடைத்துக்கொண்டு நகர்கிற ஒன்று வேண்டும். அதுதான் பனியாறு. நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டி, அடியில் கற்களைப் பிடித்துக்கொண்டு, மலையைத் தேய்த்தபடி இறங்கிப் போயிருக்கிறது. பனி உருகிப் போனபின் காலியான இடத்தில் ஓடை வந்து குடியேறியது, அவ்வளவுதான்.

நிலத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளும்போது முதலில் விடவேண்டிய பழக்கம் இது: இப்போது கண் முன்னால் இருப்பதுதான் இதைச் செய்தது என்று நம்பிவிடுவது. செய்தவர் பல இடங்களில் எப்போதோ கிளம்பிப் போய்விட்டார். அவர் விட்டுப்போன தடயங்களை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குப் படிப்போ கருவியோ பெரிதாகத் தேவையில்லை, சில கேள்விகளை வரிசை தவறாமல் கேட்கத் தெரிந்தால் போதும்.

முதல் கேள்வி: கட்டியதா, செதுக்கியதா, கொட்டியதா, மிச்சமா?

பூமியின் மேல்தோட்டில் எந்நேரமும் இரண்டு வேலை நடக்கிறது. உள்ளே இருக்கும் வெப்பம் நிலத்தைத் தூக்குகிறது, மடிக்கிறது, பிளக்கிறது, உருகிய பாறையை வெளியே தள்ளுகிறது. வெளியே தண்ணீர், பனி, காற்று, அலை எல்லாம் புவியீர்ப்போடு சேர்ந்துகொண்டு, தூக்கியதை உடைத்து, அள்ளிக்கொண்டு போய், தாழ்வான இடத்தில் போடுகின்றன. நீங்கள் பார்க்கும் எந்த நிலத்தோற்றமும் இந்த இழுபறியின் ஏதோ ஒரு கட்டம்.

அதனால் ஒரு இடத்தைப் பார்த்ததும் பெயரைத் தேடாதீர்கள். இது கட்டியதா (எரிமலை மாதிரி), செதுக்கியதா (பள்ளத்தாக்கு மாதிரி), கொட்டியதா (மணல்மேடு, டெல்டா மாதிரி) என்று கேளுங்கள். நாலாவதாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள்: மிச்சம். ஆஸ்திரேலியாவின் நடுவில் தட்டையான சமவெளியில் 348 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் உலுரு என்ற மணற்கல் குன்றை யாரும் அங்கே கொண்டுவந்து வைக்கவில்லை, அது தனியாக மேலே எழும்பவும் இல்லை. சுற்றியிருந்த பாறை கரைந்து போனது, இது தாக்குப்பிடித்தது. சமவெளியில் ஒற்றையாக ஒரு குன்றைப் பார்த்தால் "இது எப்படி இங்கே வந்தது" என்று கேட்பதைவிட "மற்றதெல்லாம் எங்கே போனது" என்று கேட்பது நல்லது.

அடுத்து, கல்லைக் கையில் எடுங்கள்

தூரத்தில் நின்று உருவத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கீழே கிடக்கும் ஒரு கல்லை எடுத்து, முடிந்தால் இன்னொரு கல்லால் தட்டி உடைத்து (கண்ணைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள், சில்லு தெறிக்கும்), புதிதாக உடைந்த பக்கத்தைப் பாருங்கள். வெளிப்பக்கம் வெயில் மழையில் நிறம் மாறியிருக்கும், அதை நம்பவேண்டாம்.

வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று படிகத் துகள்கள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தால் அது கிரானைட் வகை. துகள் பெரிதாக வளரவேண்டுமானால் உருகிய பாறை மிக மெதுவாக ஆறியிருக்க வேண்டும், மெதுவாக ஆறவேண்டுமானால் பூமிக்குள் ஆழத்தில் இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் உங்கள் கையில் இருக்கும் அந்தக் கல்லுக்கு மேலே ஒரு காலத்தில் கிலோமீட்டர் கணக்கில் பாறை இருந்தது, அது முழுக்க அரித்துக்கொண்டு போய்விட்டது. ஒரே ஒரு கல்லில் இருந்து இவ்வளவு தெரிந்துகொள்ளலாம் என்பது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம்தான்.

கருமையாக, துகளே தெரியாத அளவு மழமழப்பாக, அங்கங்கே காற்றுக்குமிழி ஓட்டைகளோடு இருந்தால் வெளியே வந்து வேகமாக ஆறிய லாவா, பெரும்பாலும் பசால்ட். விரலால் தேய்த்தால் மணல் உதிர்கிறதா, மணற்கல். ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கிறதா, சுண்ணாம்புப் பாறை. அப்படியானால் அந்த இடம் ஒரு காலத்தில் கடலாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எவரெஸ்ட்டின் உச்சி, 8,848.86 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புப் பாறைதான். அதில் கடல் உயிரிகளின் துண்டுகள் இருக்கின்றன. 40 கோடி வருடங்களுக்கும் முன்னால் ஒரு கடலின் அடியில் படிந்த சேறு அது. உலகத்திலேயே உயரமான இடத்துக்குக் கடலின் தரை எப்படிப் போனது என்பதற்குப் பதில் அடுத்த கேள்வியில் இருக்கிறது.

அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன?

படிவுப் பாறை உருவாகும்போது பெரும்பாலும் கிடையாகத்தான் படியும். சேறும் மணலும் தண்ணீருக்கு அடியில் மெல்ல இறங்கிப் பரவுவதுதான் காரணம். ஆகவே பெரிய அடுக்குகள் கிடையாக இல்லையென்றால், பெரும்பாலும் படிந்ததற்கு அப்புறம் ஏதோ நடந்திருக்கிறது.

ஒரு துண்டை நாலாக மடித்து மேசைமேல் விரித்து, இரண்டு பக்கமும் கை வைத்து உள்நோக்கித் தள்ளிப் பாருங்கள். நடுவில் மடிப்பு எழும்பும், சில இடத்தில் ஒரு மடிப்பு இன்னொன்றின் மேல் ஏறிப் படுக்கும். மடிப்பு மலை என்பது இதுதான், துணிக்குப் பதில் பாறை, கைக்குப் பதில் புவித்தட்டு, அதாவது பூமியின் மேற்பரப்பில் மெல்ல நகரும் மாபெரும் பாறைத் துண்டு. இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து யூரேசியத் தட்டில் மோதத் தொடங்கி ஏறக்குறைய 5 கோடி வருடம் ஆகிறது, இரண்டுக்கும் நடுவில் இருந்த கடலின் தரை நசுங்கி, மடிந்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி இமயமலையானது. மோதல் இன்னும் நிற்கவில்லை. தட்டுகள் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும், கிட்டத்தட்ட விரல் நகம் வளரும் வேகம். மெதுவாகத் தெரியும், ஆனால் வருடத்துக்கு 5 சென்டிமீட்டர் என்று வைத்தால் பத்து லட்சம் வருடத்தில் 50 கிலோமீட்டர் வந்துவிடுகிறது.

எல்லாமே மெதுவாக நடக்கும் என்றும் எண்ண வேண்டாம். 1964-இல் அலாஸ்காவில் வந்த நிலநடுக்கம் கடற்கரையின் சில பகுதிகளைச் சில நிமிடத்துக்குள் 10 மீட்டருக்கு மேல் தூக்கிவிட்டது.

அடுக்குகள் மடியாமல் உடைந்து, ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் இருந்தால் அது பிளவு. நிலத்தை இழுத்துப் பிரிக்கும்போது நடுத்துண்டு கீழே இறங்கிப் பிளவுப் பள்ளத்தாக்காகும், பக்கத்துத் துண்டுகள் பிண்ட மலைகளாக நிமிர்ந்து நிற்கும். ரைன் நதி ஓடும் தாழ்நிலத்துக்கு ஒரு பக்கம் பிரான்ஸின் வோஷ் மலை, இன்னொரு பக்கம் ஜெர்மனியின் கருங்காடு என்ற மலைப்பகுதி. கிழக்கு ஆப்பிரிக்கப் பிளவுப் பள்ளத்தாக்கு இன்றும் விரிந்துகொண்டிருக்கிறது. இதைத் தூரத்தில் இருந்தே பிடிக்க ஒரு வழி: மலையின் அடிவாரம் அளவுகோல் வைத்த மாதிரி நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். இயற்கை நேர்கோடு போடுவது அபூர்வம். போட்டிருந்தால் அங்கே பிளவு இருக்கிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

கூரான சிகரம் இருந்தால் இளைய மலை, மொட்டையாக உருண்டிருந்தால் பழைய மலை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஓரளவுக்குச் சரி. அமெரிக்காவின் அப்பலாச்சியன், ரஷ்யாவின் யூரல் எல்லாம் பல கோடி வருடம் தேய்ந்து தாழ்ந்தவை. ஆனால் ஆல்ப்ஸின் மேட்டர்ஹார்ன் அவ்வளவு கூராக இருக்கக் காரணம் வயது மட்டும் இல்லை, பல பக்கத்தில் இருந்தும் பனியாறுகள் குடைந்து குடைந்து நடுவில் கொம்பு மாதிரி விட்டுவிட்டுப் போனதுதான்.

எரிமலை என்றால் சரிவைப் பாருங்கள்

லாவா எவ்வளவு பிசுபிசுப்பு என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இளகி ஓடும் லாவா தூரம் போய்ப் பரவும், மலை அகலமாக, கவிழ்த்த கேடயம் போல இருக்கும். ஹவாயின் மௌனா லோவா அப்படித்தான், அதன்மேல் நிற்பவருக்கு எரிமலைமேல் நிற்கிறோம் என்றே தோன்றாத அளவுக்கு மெல்லிய சரிவு. பிசுபிசுப்பான லாவா வாயருகிலேயே கெட்டியாகிவிடும், நடுநடுவே வெடித்துச் சாம்பலும் கல்லும் பொழியும், லாவாவும் சாம்பலும் மாறி மாறி அடுக்காகச் சேர்ந்து, மேலே போகப்போகச் செங்குத்தாகும் கூம்பு கிடைக்கும். ஜப்பானின் ஃபுஜி அந்த ரகம்.

ஒரு எரிமலை பிறப்பதை மனிதர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள். 1943 பிப்ரவரி 20 அன்று மெக்ஸிகோவில் ஒரு மக்காச்சோள வயலில் நிலம் பிளந்து புகை வந்தது. பரிக்குட்டின் என்ற அந்த மலை ஒரு வருடத்துக்குள் 300 மீட்டரைத் தாண்டிவிட்டது, 1952-இல் அடங்கியபோது 424 மீட்டர். ஐஸ்லாந்துக்குத் தெற்கே கடலுக்குள் இருந்து 1963 நவம்பரில் எழுந்த சுர்ட்ஸே தீவின் கதை இன்னும் பாடமானது. 1967-இல் வெடிப்பு நின்றபோது பரப்பு ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டர். அதற்கப்புறம் அலைகள் அதில் பாதியைத் தின்றுவிட்டன. தூக்குவதும் இறக்குவதும் ஒரே மனித ஆயுளுக்குள் நடந்து முடிந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் அந்தத் தீவின் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

கூம்பே இல்லாமலும் எரிமலைக்குழம்பு நிலத்தை உருவாக்கும். நீண்ட பிளவுகளின் வழியே வெளியே வந்து, தகடு தகடாகப் பரவி, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிக்கொண்டே போனால் பீடபூமி. தக்காணத்தின் வடமேற்குப் பகுதி ஏறக்குறைய 6.6 கோடி வருடம் முன்பு அப்படி உருவானது. அங்கே மலைச்சரிவுகள் படிக்கட்டு மாதிரி தெரிவதற்கு இந்தத் தகடுகள்தான் காரணம், அதை 'டிராப்' என்று அழைப்பதும் படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடன் மொழிச் சொல்லில் இருந்து வந்ததுதான்.

இன்னொன்று, வட்டமான பள்ளங்களில் கவனம் வேண்டும். அமெரிக்காவின் கிரேட்டர் லேக், எரிமலை தன் வயிற்றைக் காலி செய்துவிட்டு உள்ளே இடிந்து விழுந்த குழி, ஏறக்குறைய 7,700 வருடம் முன்பு நடந்தது, இன்று 594 மீட்டர் ஆழமுள்ள ஏரி. அரிசோனாவில் 1.2 கிலோமீட்டர் அகலத்தில் இருக்கும் இன்னொரு வட்டப் பள்ளத்தை 1891-இல் ஆராய்ந்த கில்பர்ட் என்ற பெரிய நிலவியலாளரே எரிமலை நீராவி வெடித்து வந்தது என்று முடிவு கட்டினார். அது விண்கல் விழுந்த குழி. 1960-இல் ஷூமேக்கர் என்ற நிலவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் மிகப் பெரிய அழுத்தத்தில் மட்டுமே உண்டாகும் கோயசைட் என்ற கனிமத்தை அங்கே கண்டபின் விவாதம் முடிந்தது. விளிம்பில் இருக்கும் பாறை அடுக்குகள் உள்ளிருந்து வெளியே புரட்டிப் போட்டது போல, வரிசை தலைகீழாகக் கிடப்பதும் ஒரு அடையாளம். உருவம் ஒன்றாக இருந்தாலும் கதை வேறாக இருக்கும், அதனால்தான் அடுக்கையும் கல்லையும் பார்க்காமல் முடிவுக்கு வரக்கூடாது என்கிறேன்.

தண்ணீர்: இதற்கு மட்டும் ஒரு தட்டு மணல் தேவை

ஆறு என்ன செய்யும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட ஒரு தடவை செய்து பார்ப்பது மேல். ஒரு கை நீளமுள்ள பெரிய தட்டோ ட்ரேயோ எடுங்கள். ஈர மணலை நாலைந்து விரல்கடை உயரத்துக்கு நிரப்பி, மேல்பக்கம் முக்கால் பாகத்துக்கு மட்டும் பரப்புங்கள், கீழ்முனையைக் காலியாக விடுங்கள். மேல்முனைக்கு அடியில் இரண்டு தடிமனான புத்தகங்களை வையுங்கள். பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, மேல்முனையில் நூல் போல நீரை விடுங்கள். அவசரப்பட்டு நிறைய ஊற்றினால் எல்லாமே சரிந்துவிடும்.

முதலில் தண்ணீர் உள்ளே போய்விடும், எதுவும் நடக்காது. மணல் நிரம்பியதும் எங்கோ ஒரு இடத்தில் மெல்லிய கோடு விழும், கோடு தடமாகும், தடத்தின் பக்கங்கள் சின்னச் சின்னத் துண்டாகச் சரிந்து உள்ளே விழும், தண்ணீர் அவற்றைத் தூக்கிக்கொண்டு போகும். 'வி' வடிவம் எப்படி வருகிறது என்று அப்போது புரியும், அடியை வெட்டுவது தண்ணீர், அகலமாக்குவது சரிவு. தடத்தின் தலைப்பகுதி மேல்நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே போவதையும் பாருங்கள், ஆறு கீழே மட்டுமல்ல, பின்னாலும் வளர்கிறது. காலியான கீழ்முனையில் சரிவு குறைகிற இடத்தில் தண்ணீரின் வேகம் போய்விடும், சுமந்து வந்த மணலை விசிறி மாதிரி விரித்துப் போடும். அதுதான் வண்டல் விசிறி. கீழ்முனையில் கொஞ்சம் தண்ணீர் தேங்கவிட்டால் அதே வேலை தண்ணீருக்குள் நடக்கும், அது டெல்டா. பெருமணல் முதலில் இறங்கிவிடும், பொடிமணல் தூரம் போகும், கலங்கல் கடைசிவரை போகும்.

பிறகு மணலுக்குள் தட்டையான ஓட்டுத் துண்டு ஒன்றைக் குறுக்காகப் புதைத்துவிட்டு மறுபடி ஓடவிடுங்கள். ஓட்டுக்குக் கீழே இருக்கும் மணல் குடைந்துபோய், சின்ன அருவி தோன்றும். நயாகராவின் கதை இதேதான்: மேலே கெட்டியான டோலமைட் பாறை, கீழே மென்மையான களிப்பாறை. கீழே குடைய, மேலே தொங்கும் விளிம்பு உடைந்து விழ, அருவி பின்வாங்கும். ஏறக்குறைய 12,000 வருடத்தில் 11 கிலோமீட்டர் பின்னால் வந்திருக்கிறது.

வளைந்து நெளியும் ஆறு இந்தத் தட்டில் சுலபமாக வராது, தடம் பல கிளையாகப் பிரிந்து பின்னல் மாதிரி ஓடும். நான் முதலில் தப்பாகச் செய்கிறோம் என்று நினைத்துத் திரும்பத் திரும்பச் சரிவை மாற்றிக்கொண்டிருந்தேன். காரணம் சரிவு மட்டும் இல்லை, வெறும் மணல் கரை நிற்காது. களிமண்ணோ, செடிகளின் வேரோ கரையைப் பிடித்துவைத்தால்தான் நல்ல வளைவு வரும். வளைவு வந்துவிட்டால் மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும்: வெளிவளைவில் வேகம் அதிகம், கரையைத் தின்னும், உள்வளைவில் வேகம் குறைவு, மணலைப் போடும், வளைவு பெரிதாகிக்கொண்டே போய், ஒரு வெள்ளத்தில் கழுத்துப் பகுதியை அறுத்துக்கொண்டு ஆறு நேராக ஓடிவிடும், விட்டுப்போன வளைவு குதிரைக் குளம்பு ஏரியாகத் தனியே கிடக்கும். பெருவில் ஓடும் உக்கயாலி ஆற்றைச் செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள், இரண்டு பக்கமும் பிறை பிறையாக அப்படிப்பட்ட ஏரிகள் கிடக்கின்றன.

ஆற்றங்கரையில் நிற்கும்போது ஒரு கல்லை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பாருங்கள். முனை குத்துகிறதா? பக்கத்து மலையில் இருந்து இப்போதுதான் விழுந்தது. முனையெல்லாம் மழுங்கி முட்டை மாதிரி உருள்கிறதா? தண்ணீரில் மற்ற கற்களோடு மோதி மோதி நெடுந்தூரம் வந்திருக்கிறது. இன்று தண்ணீரே இல்லாத ஒரு மேட்டில், மண் வெட்டிய இடத்தில், வரிசையாகக் கூழாங்கற்கள் தெரிந்தால் அங்கே ஒரு காலத்தில் ஆறு ஓடியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கிராண்ட் கேன்யனைப் பற்றி ஒரு வார்த்தை. 446 கிலோமீட்டர் நீளம், 1.8 கிலோமீட்டர் வரை ஆழம். அடியில் இருக்கும் பாறைக்கு 170 கோடி வருடம் ஆகிறது என்று கேட்டதும் பள்ளத்தாக்கும் அவ்வளவு பழையது என்று நினைத்துவிடுகிறார்கள். கல்லின் வயது வேறு, உருவத்தின் வயது வேறு. கொலராடோ ஆறு இன்றைய பாதையில் அதை வெட்டத் தொடங்கி ஐந்தாறு மில்லியன் வருடம், அதாவது 50, 60 லட்சம் வருடம்தான். அதன் சுவர் படிப்படியாக இருப்பதும் கல்லைப் பொறுத்ததுதான், கெட்டி அடுக்கு செங்குத்தாக நிற்கும், மென்மையான அடுக்கு சரிவாகும்.

பனி, காற்று, சுண்ணாம்பு, கடல்

பனியாற்றின் தடயங்களை ஆரம்பத்திலேயே கொஞ்சம் சொன்னேன். 'யு' வடிவம் தவிர வேறு மூன்று சாட்சிகளைத் தேடுங்கள். பாறைமேல் ஒரே திசையில் இணையாக ஓடும் கீறல்கள்; களிமண்ணில் இருந்து ஆளுயரப் பாறைவரை எந்தத் தரமும் பிரிக்காமல் ஒன்றாகக் குவிந்த மேடுகள் (ஆறு சலித்துப் போடும், பனி அப்படியே கொட்டும்); சுற்றுப்புறத்துக் கல்லோடு சம்பந்தமே இல்லாத ஒரு பெரிய பாறை தனியாக உட்கார்ந்திருப்பது. பனி குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்தால் ஃபியர்டு. நார்வேயின் சோக்னே ஃபியர்டு 205 கிலோமீட்டர் உள்ளே போகிறது, ஆழம் 1,300 மீட்டர். பனியின் பாரம் நிலத்தையே அமுக்கிவிடும், பாரம் போனால் நிலம் மெல்ல எழும்பும். ஸ்வீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே இருக்கும் பொத்னியா வளைகுடாவில் நிலம் இன்றும் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர் வரை உயர்கிறது, பனி போய் ஆயிரக்கணக்கான வருடம் ஆனபிறகும்.

காற்று பெரிய மலைகளைச் செய்யாது, ஆனால் மணலில் கைதேர்ந்தது. மணல்மேட்டைப் பார்த்து காற்றின் திசையைச் சொல்லிவிடலாம்: காற்று வரும் பக்கம் மென்மையான சரிவு, மறுபக்கம் ஏறக்குறைய 34 பாகை செங்குத்து, ஏனென்றால் காய்ந்த மணல் அதற்குமேல் நிற்காமல் சரிந்துவிடும். பிறை வடிவ மேட்டில், அதாவது பர்கானில், இரண்டு கொம்புகளும் காற்று போகும் திசையைக் காட்டும். செடிகள் பிடித்துக்கொண்ட கடற்கரை மேடுகளில் இது தலைகீழாகி, கைகள் காற்று வரும் பக்கம் நீண்டிருக்கும், அதில் பலர் குழம்புவார்கள். பாலைவனம் என்றாலே மணல் என்பதும் சரியில்லை, உலகப் பாலைவனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் மணல், மீதி கல்லும் பாறையும். அங்கே இருக்கும் பள்ளங்களைப் பெரும்பாலும் எப்போதாவது கொட்டித் தீர்க்கும் மழையின் வெள்ளம்தான் வெட்டியது.

சுண்ணாம்புப் பாறை நிலத்தின் அடையாளம், மழை பெய்தும் ஆறு இல்லாமல் இருப்பது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது, பாறையின் விரிசல்களில் இறங்கி அதைக் கரைக்கிறது. மேலே குழிகள், கீழே குகைகள், ஆறுகள் தரைக்கடியில். குகைக்கூரையில் சொட்டும் நீர் கொண்டுவந்த சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போக, கல்விழுது வளரும். இந்த வகை நிலத்துக்குக் கார்ஸ்ட் என்ற பெயர் ஸ்லோவேனியாவின் க்ராஸ் பீடபூமியில் இருந்து வந்தது.

கடற்கரையில் வரிசை தெளிவானது: அலை ஓங்கலின் (கடலோரச் செங்குத்துப் பாறையின்) அடியைக் குடையும், முனையில் குகை, குகை மறுபக்கம் துளைத்தால் வளைவு, வளைவின் கூரை விழுந்தால் கடலில் தனித் தூண். மால்டாவின் புகழ்பெற்ற 'நீலச் சாளரம்' என்ற வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் விழுந்தது. ஆஸ்திரேலியாவில் 'லண்டன் பாலம்' என்று அழைக்கப்பட்ட வளைவு 1990 ஜனவரியில் இடிந்தபோது இரண்டு பேர் வெளிமுனையில் மாட்டிக்கொண்டார்கள், ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அப்படிப்பட்ட வளைவுகளின் மேலேயும் அடியிலும் நிற்காதீர்கள், ஓங்கலுக்குக் கீழே புதிதாக உடைந்த வெளிர்நிறக் கற்கள் குவிந்து கிடந்தால் அங்கே உட்காரவும் வேண்டாம்.

எதுவும் பொருந்தவில்லையென்றால்

அப்போது அளவைப் பாருங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், தண்ணீரே இல்லாத பிரம்மாண்டமான கால்வாய்களும், வறண்ட அருவிக் குன்றுகளும் இருக்கின்றன. 1923-இல் பிரெட்ஸ் என்ற நிலவியலாளர், இதை ஒரு மாபெரும் வெள்ளம்தான் செய்திருக்க முடியும் என்று எழுதினார். நிலத்தை மெதுவாகத்தான் எதுவும் மாற்றும் என்று எல்லாரும் உறுதியாக இருந்த காலம், யாரும் ஏற்கவில்லை. அந்த வெள்ளம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, பனிக்கட்டி அணை கட்டித் தேக்கிய மிசூலா என்ற பழைய ஏரி விடையானது. அதன் தரையில் மீட்டர் கணக்கில் உயரமுள்ள நீரலைத் தடங்கள் இருப்பதை 1940களில் பார்டி என்ற நிலவியலாளர் காட்டினார். ஆற்று மணலில் விரல் உயரத்துக்கு இருக்கும் அதே நெளிவரிகள், தரையில் நின்று பார்த்தால் வெறும் மேடுகளாகத்தான் தெரியும், மேலிருந்து பார்த்தால்தான் அலை வரி. பிரெட்ஸுக்கு நிலவியலின் உயர்ந்த விருதான பென்ரோஸ் பதக்கம் 1979-இல் கிடைத்தது.

ஆகவே நேரில் பார்க்குமுன்பும் பார்த்தபின்பும் மேலிருந்து ஒருமுறை பாருங்கள். கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் திறந்து, பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, உயர வரைபடத்தைக் காட்டச் சொன்னால் 'வி'யா 'யு'வா என்பது உடனே தெரியும். பழைய வருடப் படங்களை வரிசையாக ஓட்டினால் ஆறு இடம் மாறுவதும், கடற்கரை பின்வாங்குவதும் கண்ணுக்குத் தெரியும். நேரில் போகும்போது ஒரு குறிப்பேடு போதும்: கல் என்ன, அடுக்கு எப்படி, சரிவு எவ்வளவு, கற்கள் உருண்டவையா கூரானவையா, இதைச் செய்தது இன்னும் இங்கே இருக்கிறதா. படம் எடுப்பதோடு நிற்காமல் கையால் ஒரு கோட்டுப்படம் போடுங்கள், வரையும்போதுதான் கண் கவனிக்காமல் விட்டதெல்லாம் தெரியவரும்.

எங்கும் போக முடியாவிட்டால் நல்ல மழைக்குக் காத்திருங்கள். கட்டுமான மணல் குவியலோ, புல் இல்லாத ஒரு மண்மேடோ பக்கத்தில் இருந்தால் மழை விட்டதும் போய்க் குனிந்து பாருங்கள். விரல் அகலத்தில் 'வி' வடிவப் பள்ளத்தாக்குகள், அவற்றோடு சேரும் கிளை ஆறுகள், அடிவாரத்தில் கையளவு வண்டல் விசிறி, ஒரு கூழாங்கல்லைத் தலையில் சுமந்தபடி நிற்கும் மண்தூண்கள்கூட இருக்கும், கல் குடை பிடித்த இடத்தில் மட்டும் மண் கரையாமல் மிஞ்சியது. வெயில் ஏறினால் காய்ந்து உதிர்ந்துவிடும், அதற்குள் போய்விடுங்கள்.